தொடை தட்டாத மைதானம்

வைரம், யாரையும் தொடாதே. சும்மா போய்ச் சும்மா திரும்பி வா. நடுக்கோட்டைத் தாண்டி, கபடி கபடி கபடி என்று மூச்சு விடாமல் பாடிக்கொண்டு போகிற எங்கள் குட்டை வைரத்தின் முதுகைப் பார்த்து நான் இதைத்தான் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொந்த அணி பாயின்ட் எடுக்கக் கூடாது என்று சாமியை வேண்டிக்கொள்கிற ஆள் உலகத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். வைரம் ஒருத்தனைத் தொட்டுவிட்டு வந்தால் எங்களுக்கு ஒரு பாயின்ட். பாயின்ட் வந்தால் அவுட்டாகி வெளியே உட்கார்ந்திருப்பவன் மறுபடி உள்ளே போக வேண்டும். வெளியே உட்கார்ந்திருப்பது நான். உள்ளே சேது நிற்கிறான், அந்தப் பக்கம் இடது ஓரத்தில், இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்துகொண்டு. வைரம் அவன் பக்கமாகத்தான் போகிறான், ஆனால் சேது வைரத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கிறான். இல்லை, எனக்கு அப்படித் தோன்றுகிறது. வெயில் அவன் முகத்தில் நேராக அடிக்கிறது, கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பவன் எதைப் பார்த்தால் எனக்கென்ன. இல்லை, என்னைத்தான் பார்க்கிறான். அவனுக்குப் பின்னால் பக்கவாட்டுக் கோட்டை ஒட்டி இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்றில் மாலை போட்ட போட்டோ, அவன் அண்ணன் தனுக்கோடி. இன்னொன்று காலி. நான் தொடையைத் தட்டுகிற வரைக்கும் அதில் அவர்களுடைய அம்மா உட்கார்ந்திருந்தது. தட்டிய சத்தம் கேட்டதும் அந்த அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு எழுந்தது, எழுந்து எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றது, இரண்டு பொம்பளையாட்கள் வந்து தோளைப் பிடித்துப் பந்தலுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்கள். நாற்காலிக்குக் கீழே அது குடித்துவிட்டு வைத்த தண்ணீர் பாட்டில் அப்படியே இருக்கிறது. அதை யாராவது எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தால் தேவலை. நான் எடுத்துக்கொண்டு போனால் என்ன செய்வார்கள்? அடித்தே கொன்றுவிடுவார்கள்.

வைரம் திரும்பிவிட்டான், சும்மாவே திரும்பிவிட்டான், நல்ல பிள்ளை. இப்போது அவர்கள் பக்கத்து ஆள் பாடி வருகிறான். எனக்கு மூத்திரம் முட்டுகிறது. இதுதான், எல்லாவற்றுக்கும் காரணம் இந்த மூத்திரம்தான், இதை யாரிடம் போய்ச் சொல்வது? ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலும் ஓடி ஓடி ஒதுங்கப் போவேன், போனால் சொட்டுக்கூட வராது, திரும்பி வந்ததும் மறுபடி முட்டும். என் சம்சாரம் தேன்கனிக்கு மட்டும்தான் இது தெரியும். டீமில் ஒருத்தனுக்கும் தெரியாது. அவர்களுக்கு நான் சோலைமணி, ரெய்டுக்குப் போனால் தொட்டுவிட்டுத்தான் வருவான், தொடையைத் தட்டினால் அடுத்த ஊருக்குக் கேட்கும். இன்றைக்கும் அப்படித்தான், வேனை விட்டு இறங்கியதிலிருந்து கண்மாய்க் கரைக்கும் மைதானத்துக்குமாக நடந்தேன். கருவேல மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தபோது மைக்கில் என்னவோ சொன்னார்கள். வெளியூர் டீம் அண்ணன்மாருக்கு என்று ஆரம்பித்தது காதில் விழுந்தது, அதற்குள் ஒரு டிராக்டர் போனது. சாப்பாட்டு டோக்கனைப் பற்றியாக இருக்கும் என்று நினைத்தேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது, சாப்பாட்டு டோக்கன். அவர்கள் சொன்னது இதுதானாம், பிறகு அம்பயர் சொல்லித்தான் தெரிந்தது: இந்த மைதானத்தில்தான் மூன்று வருஷத்துக்கு முன்னால் தனுக்கோடி தொடையைத் தட்டிக்கொண்டு பாடிப் போனான், பிடித்தார்கள், விழுந்தான், ஒருவர் மேல் ஒருவராக ஏறி அமுக்கினார்கள், எழுந்திருக்கவில்லை, கழுத்து. பெற்றவள் அவனிடமிருந்து கடைசியாகக் கேட்டது அந்தத் தட்டுச் சத்தம். அன்றிலிருந்து ஆலங்கண்மாய் மைதானத்தில் யாரும் தொடை தட்டுவதில்லை, எதிரணியானாலும் சரி. மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு உள்ளே போவதோடு சரி. நான் அந்த ஊர் மண்ணில், அவன் பெயரில் நடக்கிற கோப்பையில், அவன் தம்பியைக் கால் கட்டைவிரலால் தொட்டுவிட்டு ஓடிவந்து, கோட்டைத் தாண்டித் திரும்பி நின்று, அவன் அம்மாவுக்கு நேரே, பட்டென்று. ஒன்று இல்லை, இரண்டு தட்டு. சத்தத்துக்குப் பிறகு மைதானத்தில் விழுந்த அமைதியை நான் என் வீரத்துக்கு ஊர் வாயடைத்துப் போய்விட்டது என்று நினைத்துச் சிரிக்கவும் சிரித்தேன். அம்பயர் பக்கத்தில் வந்து, "தம்பி, இங்க அது கூடாதுன்னு மைக்ல சொன்னமா இல்லையா? இன்னொரு தடவ தட்டுனா வெளிய அனுப்பிருவேன்" என்றார். ஏன் என்று கேட்டேன். ஏன் என்று கேட்டதை அந்தப் பக்கம் ஏழு பேரும் கேட்டார்கள்.

அதற்கப்புறம் எனக்குக் கை கால் ஓடவில்லை. அவர்கள் ரெய்டர் வந்தான், தந்திக்கம்பத்தைத் தொடுவது மாதிரி என் தோளைத் தொட்டுவிட்டுப் போனான், நான் நகரவே இல்லை. நான் அவுட், நான் வெளியே அனுப்பிய சேது உள்ளே. என்னைக் கடந்து போகும்போது அவன் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து இரண்டு உள்ளங்கையிலும் தேய்த்துக்கொண்டான், அவ்வளவுதான். திட்டியிருக்கலாம். எங்கள் ஊரில் திட்டுகிறவன் அடிக்க மாட்டான். கூட்டத்திலிருந்து ஒருத்தன், "ஏலே ஊதாப் பனியன், வேன் ஏறி ஊர் போய்ச் சேர மாட்டடி" என்று கத்தினான், அதுகூட எனக்கு அவ்வளவு பயமாக இல்லை. மண்ணைத் தேய்த்ததுதான் பயமாக இருக்கிறது. வியர்வைக் கையில் பிடி வழுக்கும், மண் தேய்த்தால் வழுக்காது. எங்கள் கேப்டன் வீரணன் அண்ணன் கோட்டுக்கு உள்ளேயிருந்தே என் பக்கம் சாய்ந்து, "விடுடா சோலை, நல்லாத்தான்டா தட்டுன" என்றது. "இல்லண்ணே, எனக்குத் தெரியாதுண்ணே." "தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன? பாரு, அவிங்க மூஞ்சி போன போக்க. உள்ள வந்ததும் இன்னொண்ணு தட்டு. சேதுப் பய வெறியாகி அவசரப்பட்டுக் கால விடுவான், நம்ம கோப்பையத் தூக்கிட்டுப் போயிரலாம்." "அம்பயர் வெளிய அனுப்பிருவாருண்ணே." "பாடிப் போறப்ப தட்டுடா, மூச்சுப் பிடிச்சுக்கிட்டு இருக்கவன எவன் நிறுத்துவான்? ஆம்பளைதான நீயி?" ஆம்பளைதான். இந்தக் கேள்விக்கு இல்லை என்று பதில் சொன்னவனை நான் இதுவரை பார்த்ததில்லை.

ஆனால் வீரணன் அண்ணனுக்கு ஒன்று தெரியாது. நான் தைரியம் வந்து தொடை தட்டுகிறவன் இல்லை. பயம் வந்தால் தட்டுகிறவன். எட்டாவது படிக்கும்போது, ஆட்டத்தில் முழங்கால் தோல் பெயர்ந்து அழுதுகொண்டு வீட்டுக்குப் போனேன். அப்பா லாரிப் பட்டறையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். அழுகிறவனுக்கு எதற்கடா கபடி என்று சொல்லி இடுப்பு வாரை உருவினார். அடிக்கவில்லை. வாரை மடித்துத் தன் தொடையிலேயே ஓங்கி ஒரு தட்டு தட்டினார், அந்தச் சத்தத்துக்கே என் அழுகை நின்றுவிட்டது. சத்தம்தான் அழுகையை நிறுத்தும் என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். கபடி ஒழுங்காக வருவதற்கு முன்னாலேயே எனக்குத் தொடை தட்ட வந்துவிட்டது. வீட்டுக்குப் பின்னால், கதவைச் சாத்திக்கொண்டு, கையைக் குழித்துத் தட்டினால் ஒரு சத்தம், விரித்துத் தட்டினால் ஒரு சத்தம், ஈரக்கையோடு தட்டினால் துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். தொடை கன்றிச் சிவந்து போகும். சேதுவைக் கட்டைவிரலால் தொட்ட அந்த நொடியில் அவன் கை என் கணுக்கால் பக்கமாக வந்தது, நகம் உரசியது, இப்போது பார்த்தாலும் கோடு தெரிகிறது. பயத்தில் எனக்கு உயிரே போய்விட்டது. தப்பி ஓடிவந்த பயத்தில்தான் தட்டினேன். ஊர் நினைக்கிறது திமிர் என்று. வீரணன் அண்ணன் நினைக்கிறது வீரம் என்று. அந்த அம்மா என்ன நினைத்ததோ.

போட்டோவைப் பார்க்கக் கூடாது என்று இருக்கிறேன், கண் அங்கேதான் போகிறது. நான் பிளெக்ஸ் அடிக்கிற கடையில் வேலை பார்க்கிறவன், காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் செத்தவர்கள், பூப்பெய்தியவர்கள், தலைவர்கள் என்று முகங்களை வெட்டி ஒட்டுவதுதான் பிழைப்பு, பார்த்தவுடனே சொல்லிவிடுவேன், இது தனியாக எடுத்த போட்டோ இல்லை. கூட்டமாக நின்று எடுத்ததிலிருந்து இவனை மட்டும் வெட்டிப் பெரிதாக்கியிருக்கிறார்கள். வெட்டியவன் அவசரக்காரன். தனுக்கோடியின் பின்கழுத்தில் ஒரு கை கிடக்கிறது, மணிக்கட்டு வரைக்கும், மற்ற ஆள் இல்லை. பக்கத்தில் நின்றவன் கழுத்தில் கை போட்டிருந்திருக்கிறான். நானாக இருந்தால் அந்தக் கையை அழித்திருப்பேன். மணிக்கட்டில் கறுப்புக் கயிறு. சேதுவின் மணிக்கட்டிலும் கறுப்புக் கயிறு இருக்கிறது. சரி, ஊரில் யார் கையில்தான் கறுப்புக் கயிறு இல்லை, எனக்கும்தான் இருக்கிறது, தேன்கனி கட்டிவிட்டது. கழுத்து. கழுத்தைப் பற்றி நினைக்காதே. முடி வெட்டி முடித்ததும் கடைக்காரர் தலையை இரண்டு பக்கமும் பிடித்துச் சடக்கென்று ஒரு திருப்பு திருப்புவாரே, எல்லோரும் சுகமாகக் கண்ணை மூடிக்கொள்வார்கள், நான் மட்டும் வேண்டாம் வேண்டாம் என்று நாற்காலியை விட்டு எழுந்துவிடுவேன், அவர் சிரிப்பார், இவ்வளவு பெரிய கபடி பிளேயர் என்பார். சடக்கென்று ஒரு சத்தம். தனுக்கோடிக்கு அது கேட்டிருக்குமா? ஆளைப் பிடித்து அமுக்கும்போது கால் எது கை எது என்று மேலே ஏறுகிறவனுக்குத் தெரியாது. வேண்டுமென்றே ஒருத்தன் முழங்காலைக் கழுத்தில் வைத்தால் அம்பயருக்கும் தெரியாது. விளையாட்டில் ஆகிவிட்டது என்பார்கள். நான்கு பேர் வருத்தப்படுவார்கள். எனக்கும் ஒரு பிளெக்ஸ், எங்கள் கடையிலேயே அடிப்பார்கள், எந்தப் போட்டோவைப் போடுவார்கள்? தொடை தட்டுகிற போட்டோதான். வேறு போட்டோ எனக்கு இல்லை.

மன்னிப்புக் கேட்டுவிடலாம். இதை ஏன் முதலிலேயே நினைக்கவில்லை? உள்ளே போனதும் சேதுவிடம் நேராகப் போய், அண்ணே, தெரியாமல் தட்டிவிட்டேன், அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். இவ்வளவுதான். ஆனால் எப்போது கேட்பது? எங்கள் பாதியில் நிற்கும்போது அவன் கோட்டுக்கு அந்தப் பக்கம், இங்கிருந்து கத்தினால் மன்னிப்பாக இருக்காது, வீரணன் அண்ணன் மானத்தை வாங்கிவிட்டாய் என்று இங்கேயே மிதிக்கும். அவன் பக்கம் நான் போவது பாடிப் போகும்போதுதான். பாடும்போது கபடியைத் தவிர வேறு ஒரு வார்த்தை வாயில் வரக் கூடாது, வந்தால் பாட்டு அறுந்தது, அவுட். ஆக அவன் எதிரில் போய் நின்று எனக்குச் சொல்ல இருக்கிற ஒரே வார்த்தை கபடி. கபடி கபடி கபடி. அதைக் கொஞ்சம் தாழ்ந்த குரலில் சொன்னால் அவனுக்குப் புரியுமா? புரியாது. பயந்து போய்விட்டான் என்றுதான் புரியும். ஆட்டம் முடிந்ததும் கேட்கலாம், முடியும்போது எனக்குக் கழுத்து இருந்தால்.

வைரம் மறுபடி போகிறான். ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்க வேண்டும், ஸ்கோர் போர்டு பக்கம் நிற்கிறவன் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான், நாங்கள் இரண்டு பாயின்ட் பின்னால். தோற்றுவிடலாம். கௌரவமாகத் தோற்று, கைகொடுத்து, கறிச்சோறு தின்றுவிட்டு, வேன் ஏறிவிடலாம். வைரம், நீ ரொம்ப நல்லவன், உன் கல்யாணத்துக்கு நான் இலவசமாக பிளெக்ஸ் அடித்துத் தருகிறேன், நீ யாரையும். தொட்டுவிட்டான். வலது ஓரத்து ஆளின் முழங்கையை விரல் நுனியால் தொட்டுவிட்டு உருண்டு கோட்டில் வந்து விழுந்துவிட்டான், அம்பயர் விசில் ஊதிவிட்டார், எங்கள் ஆட்கள் குதிக்கிறார்கள், எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். நான் எழுந்திருக்கிறேன். எழுந்திருப்பது என் முழங்கால்தான், எனக்கு அதில் சம்பந்தம் இல்லை. மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொள்கிறேன். அவர்கள் ரெய்டு ஒன்று வந்து வெறுமனே திரும்பிப் போகிறது. நான் நின்ற இடத்தில் நிற்கிறேன், வீரணன் அண்ணன் என் முதுகில் தட்டுகிறது. "கடைசிப் பாட்டு. நீ போ. தட்டு, மறந்துறாத." "வைரம் போகட்டுமே." "ஏன், பயமா?" "பயமா? எனக்கா?" என்கிறேன், சிரிக்கிறேன், போகிறேன்.

கபடி கபடி கபடி. கோட்டைத் தாண்டியாகிவிட்டது. மண் சுடுகிறது. அவர்கள் ஆறு பேர் கை கோத்துப் பின்னால் போகிறார்கள், சேது இடது ஓரம், நான் வலது பக்கமே போகிறேன். கபடி கபடி. ஊரே மூச்சை அடக்கிக்கொண்டு என் கையைத்தான் பார்க்கிறது. என் வலது கையை. தெரியும் அவர்களுக்கு. நெஞ்சு அடித்துக்கொள்கிறது, இந்த மாதிரி அடித்துக்கொண்டால் கை தானாகத் தொடைக்குப் போகும், பதினைந்து வருஷப் பழக்கம், போகிறது, இதோ தூக்கிவிட்டேன், குழித்துவிட்டேன், பின்னாலிருந்து வீரணன் அண்ணன், "தட்டுறா" என்கிறது. காலி நாற்காலி. தண்ணீர் பாட்டில். கபடி கபடி. கையைக் கீழே கொண்டுபோனேன், தொடையில் இல்லை, மண்ணில். குனிந்து மண்ணைத் தொட்டேன். குனிந்தவன் நிமிர்வதற்குள் சேது வந்துவிட்டான். எங்கேயிருந்து வந்தான் என்று தெரியவில்லை, இடுப்பை இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்தான், மண் தேய்த்த பிடி, வழுக்கவே இல்லை. திமிறி நடுக்கோட்டுப் பக்கமாகத் தாவினேன், அவனையும் இழுத்துக்கொண்டு இரண்டு எட்டு வந்தேன், கபடி கபடி, முதுகில் ஒருத்தன் விழுந்தான், அவன் மேல் ஒருத்தன், தலை மார்புக்கடியில் மடங்கியது, ஒரு முழங்கால் பிடரியில் வந்து உட்கார்ந்தது. இதுதான். இப்படித்தான் இருந்திருக்கும் அவனுக்கும். தேன்கனி. தேன்கனி. வாய் மட்டும் கபடி கபடி என்று மண்ணுக்குள் சொல்லிக்கொண்டிருந்தது, அதற்கு வேறெதுவும் தெரியவில்லை.

அப்போது இடுப்புப் பிடி விட்டது. சேது விட்டுவிட்டான். ஏன் விடுகிறான் என்று எனக்குப் புரிவதற்குள் ஒரு கை என் பிடரிக்கும் அந்த முழங்காலுக்கும் நடுவே நுழைந்தது. உள்ளங்கை என் பின்கழுத்தை முழுசாக மூடிக்கொண்டது, மண் நெருடியது, காதுக்குப் பக்கத்தில் அவன் அலறினான். "கழுத்துடா! கழுத்துடா! ஏறாதீங்கடா, எந்திரிங்கடா!" முதுகில் கிடந்தவர்கள் என்னவென்று தெரியாமல் தளர்ந்தார்கள். என் வலது கை முழுசாக விடுபட்டுக் கிடந்தது. முகத்தைத் திருப்பினால் நடுக்கோடு, சுண்ணாம்புப் பொடி, விரலுக்கும் அதற்கும் ஒரு சாண்கூட இல்லை. வாய் இன்னும் பாடிக்கொண்டிருந்தது. கையை நீட்டினால் போதும், பிடித்தவர்கள் அத்தனை பேரும் அவுட், கோப்பை எங்களுக்கு. "கோடு! கோடு! கைய நீட்றா சோலை!" வீரணன் அண்ணன் தொண்டை கிழியக் கத்துவது கேட்டது. என் கழுத்தில் இருந்த கை நடுங்கியது. வெடவெடவென்று, ஜுரம் வந்தவன் கை நடுங்குவது போல. நான் நடுங்குகிறேன், அது அவன் கையில் தெரிகிறது என்று நினைத்தேன். இல்லை, அவன்தான். அவன் என்னைவிடப் பயந்து போயிருந்தான்.

"தெரியாமத் தட்டிட்டேண்ணே" என்றேன். பாட்டு அறுந்தது. அறுந்த பிறகு நிறுத்த முடியவில்லை. "ஒண்ணுக்குப் போயிருந்தேண்ணே, பயத்துல, மைக்ல சொன்னது கேக்கல, அம்மாட்டச் சொல்லுங்கண்ணே." விசில் ஊதினார்கள். ஊர் கத்தியது, எங்கேயோ வேட்டு வெடித்தது, ஜெயித்துவிட்டார்கள். வீரணன் அண்ணன் வந்து என் தலைமாட்டில் நின்று, கைக்குப் பக்கத்தில் கோடுடா, கைக்குப் பக்கத்தில் கோடு என்று திரும்பத் திரும்பச் சொன்னது, அப்புறம் என் பக்கத்தில் காறித் துப்பிவிட்டுப் போய்விட்டது. சேதுவின் ஆட்கள் அவனைத் தூக்கித் தோளில் வைக்க வந்தார்கள். அவன் எழுந்திருக்கவில்லை, கையையும் எடுக்கவில்லை. நான் சொன்னது அவன் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

"எந்திரிக்காத, அப்படியே கெட" என்றான். "கழுத்த மட்டும் மெதுவா அசைச்சுப் பாரு."

"வலிக்கலண்ணே."

"அசைச்சுக் காட்டுறா" என்று கத்தினான்.

அசைத்துக் காட்டினேன். இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை. இன்னொரு தடவை என்றான். இன்னொரு தடவையும் அசைத்துக் காட்டினேன்.